மக்காச்சோள அரெப்பா ஓரத்தில் வெடிப்பது ஏன்?

கேள்வி:
என் மகளுக்குச் சீலியாக் நோய் (குளூட்டன் என்ற புரதம் குடலுக்கு ஒவ்வாத நோய்) இருப்பது உறுதியானதிலிருந்து, குளூட்டன் உள்ள கோதுமை, பார்லி, ரை மூன்றையும் அவளுடைய உணவிலிருந்து நீக்கிவிட்டோம். உள்ளே பூரணம் வைத்த ஏதாவது ஒன்றைப் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதால், வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் அன்றாடம் உண்ணும் மக்காச்சோள ரொட்டியான அரெப்பாவைச் செய்து பார்த்தேன். காய்ந்த மக்காச்சோளத்தை ஆலையில் அரைத்து, வெதுவெதுப்பான நீர் விட்டுப் பிசைந்தேன். தட்டும்போதே ஓரமெல்லாம் வெடித்தது. கல்லில் திருப்பியபோது இரண்டாக உடைந்தது. நடுவில் மாவு வேகாமல் நறநறவென்று இருந்தது. பூரணத்தைச் சுடுவதற்கு முன் வைப்பதா, பின் வைப்பதா என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை.

பதில் 1:
தவறு உங்கள் கையில் இல்லை, மாவில்தான் இருக்கிறது. கோதுமை மாவை இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் மக்காச்சோளத்தில் கிடையாது. வெந்து குழைந்த மாவுச்சத்துதான் அங்கே பசையாக நின்று பிடிக்க வேண்டும். அதனால்தான் அரெப்பாவுக்கென்று, தோலும் முளையும் நீக்கிய மக்காச்சோளத்தை வேகவைத்து, உலர்த்தி, அரைத்த மாவைப் பயன்படுத்துகிறார்கள். ‘மசரெப்பா’ என்று பெயர். பொட்டலத்தில் ‘முன்பே வேகவைத்தது’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்தின் மாவான ‘மாசா அரினா’ வேறு; வெள்ளை வெளேரென்ற கார்ன்ஃபிளார் வெறும் மாவுச்சத்து, இதற்கு உதவவே உதவாது.

ஒரு கப் மாவுக்கு ஒன்றேகால் கப் வெதுவெதுப்பான நீர், அரைத் தேக்கரண்டி உப்பு. நீரில் உப்பைக் கரைத்து, மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கட்டியில்லாமல் கலந்து, பத்து நிமிடம் மூடி வையுங்கள். பிறகு ஓர் உருண்டையை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பாருங்கள். ஓரத்தில் மெல்லிய கீறல் விழுந்தாலும் மாவு இன்னும் நீர் கேட்கிறது என்று பொருள்; கையை நனைத்து மீண்டும் பிசையுங்கள். கையில் ஒட்டினால் இரண்டு நிமிடம் பொறுங்கள், தானே இறுகிவிடும்.

பதில் 2:
அரெப்பாவை முதலில் சுட்டுவிட்டுப் பின்னர் பிளந்துதான் பெரும்பாலும் பூரணம் வைப்பார்கள். பூரணத்தை மாவுக்குள் பொதிந்து தட்டிச் சுடுவது எல் சால்வடோரின் புபுசா. புதிதாகச் செய்பவருக்கு அது சற்றுக் கடினம். ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, எண்ணெய் தடவிய கல்லில் மிதமான தீயில் பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம் வையுங்கள். மேலே பொருக்குக் கட்டும்வரை திருப்ப வேண்டாம், அவசரப்பட்டால்தான் உடையும். பிறகு 180 டிகிரி சூட்டில் ஓவனில் பதினைந்து நிமிடம். விரலால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல ஒலிக்க வேண்டும். சூட்டோடு பிளந்தால் உட்பக்கம் கத்தியில் அப்பிக்கொள்ளும் என்பதால், சற்று ஆறவிட்டு ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி கீறி, கோழிக்கறியும் அவகாடோவும் பிசைந்ததையோ பாலாடைக்கட்டியையோ வையுங்கள்.

பதில் 3:
ஆலையில் அரைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. அதே இயந்திரத்தில் கோதுமை அரைபட்டிருந்தால் உங்கள் சோள மாவிலும் அது கலந்திருக்கும். குளூட்டன் இல்லாத உணவு என்பதற்குச் சர்வதேச உணவுத் தரநிலையான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான், எனவே முத்திரையிட்ட பொட்டல மாவே பாதுகாப்பானது. கோதுமை மாவு புழங்கிய மரப்பலகையையும் பழைய கல்லையும் மகளுக்கான சமையலில் சேர்க்க வேண்டாம். பூரணத்தில் சோயா சாஸ் ஊற்றுவதாக இருந்தால் அதன் பொருட்பட்டியலையும் படியுங்கள். பெரும்பாலானவற்றில் கோதுமை உண்டு.

கேள்வி கேட்டவர்:
ஆலை மாவை ஒதுக்கிவிட்டு, குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட வேகவைத்த மாவில், புதிதாக வாங்கிய கல்லில் இன்று செய்தேன். முதல் உருண்டையில் கீறல் விழுந்தது. இரண்டு முறை கையை நனைத்துப் பிசைந்ததும் ஓரம் வழவழப்பாகிவிட்டது. ஆறு சுட்டேன், ஒன்றும் உடையவில்லை. நாளைக்கு டப்பாவில் இரண்டு வைக்கச் சொல்லியிருக்கிறாள், ஒன்று அவள் தோழிக்காம். மூவருக்கும் மனமார்ந்த நன்றி.