லண்டன் தபாஸ் கடை: ஆறு சின்னத் தட்டு, 85 பவுண்டு. நியாயமா?

பில்லைப் பார்த்தவன்
சனிக்கிழமை இரவு நானும் மனைவியும் லண்டனில் ஒரு ஸ்பானிய தபாஸ் கடைக்குப் போனோம் (தபாஸ் என்றால் குடியோடு சின்னச் சின்னத் தட்டில் வரும் தீனி). கடைப் பெயர் வேண்டாம், பில்லை மட்டும் போடுகிறேன். தக்காளி தேய்த்த ரொட்டி 6 பவுண்டு, சாஸ் ஊற்றிய பிராவாஸ் உருளைக்கிழங்கு 7, குரோக்கெத்தா என்ற பொரித்த உருண்டை 9, பட்ரோன் மிளகாய் 8, பூண்டு இறால் 14, ஹமோன் (உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை) 18. ஆளுக்கு ஒரு கிளாஸ் ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின், இரண்டும் சேர்த்து 14. மேலே 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். மொத்தம் 85.50.

குரோக்கெத்தா தட்டில் மூன்று உருண்டை. நாங்கள் இரண்டு பேர். கல்யாணமாகி 12 வருடம் கழித்து எங்களுக்குள் பாகப்பிரிவினைப் பேச்சு வந்தது அன்றைக்குத்தான்.

போன வருடம் ஸ்பெயினில், கிரனாடாவில் நான்கு நாள் இருந்தோம். அங்கே பியர் கேட்டால் கூடவே ஒரு தட்டு தானாக வரும், காசு கிடையாது. இரண்டாவது பியருக்கு வேறொரு தட்டு. மூன்றாவதில் வயிறு நிறைந்துவிடும். அங்கே குடிக்கு இனாமாக வருவதை இங்கே கூறு கட்டி விற்கிறார்கள். இதை ஏமாற்று என்று சொன்னால் தப்பா?

சோஹோ ஸ்டூல்
தப்புதான். நீங்கள் பார்த்தது கிரனாடா, மொத்த ஸ்பெயின் இல்லை. இனாம் தபா கிரனாடா, அல்மேரியா, ஹயேன், வடக்கே லியோன் என்று சில ஊர்களின் வழக்கம். மத்ரிதில் பியரோடு நாலு ஒலிவமோ கொஞ்சம் சிப்ஸோ வைப்பார்கள், அவ்வளவுதான். செவியாவில் ஒவ்வொரு தபாவுக்கும் பலகையில் விலை எழுதியிருக்கும். சான் செபஸ்தியானில் கவுன்டரில் அடுக்கியிருக்கும் பின்ச்சோவை (குச்சி குத்திய சின்னத் தீனி) எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் காசு; சில கடைகளில் தட்டில் மிஞ்சிய குச்சியை எண்ணித்தான் பில் போடுவார்கள்.

அப்புறம் விலை. லண்டன் ஈஸ்ட் ஹாமில் மசால் தோசைக்குக் கொடுக்கிற பவுண்டை மதுரை விலையோடு வைத்துப் பார்த்தால் அதுவும் தொண்டையில் இறங்காது. அங்கே மட்டும் யாரும் ஏமாற்று என்று பதிவு போடுவதில்லையே.

பில்லைப் பார்த்தவன்
தோசையை மதுரையிலும் காசுக்குத்தான் விற்கிறான். ஒப்பீடு சரியில்லை. வாடகைக்கு ஒரு ஐந்து பவுண்டு ஏற்றிக்கொள்ளட்டும், புரிகிறது. உருளைக்கிழங்குக்கு 7 பவுண்டா? அதுவும் ஆறு தட்டும் ஒன்பது நிமிடத்தில் வந்து இறங்கிவிட்டது. "தயாரானதும் வரும்" என்று சொன்னார்கள், எல்லாம் ஒரே நேரத்தில் தயாராகியிருந்தது. இறாலைச் சாப்பிடுவதற்குள் குரோக்கெத்தா ஆறிவிட்டது. கூடவே, ஒன்றரை மணி நேரத்தில் மேசையைக் காலி செய்ய வேண்டும் என்ற நிபந்தனை வேறு.

நின்றுதின்னி
விலைச் சண்டையில் விஷயத்தையே இரண்டு பேரும் விட்டுவிட்டீர்கள். தபாஸ் என்பது சாப்பாட்டு வகையே இல்லை, சாப்பிடும் விதம். ஸ்பானிய மொழியில் இதற்குத் தனி வினைச்சொல்லே உண்டு, 'தபேயார்'. ஒரு கடையில் ஒரு கிளாஸ், அந்தக் கடை எதற்குப் பேர்போனதோ அதில் ஒன்று, நின்றபடியே. அடுத்து நாலு எட்டில் இன்னொரு கடை. நான் வடக்கு ஸ்பெயினில், பில்பாவோவில் ஒரு வருடம் படித்தேன். வியாழக்கிழமை இரவு ஒரே கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம் என்றால், வெளியே மழை என்று அர்த்தம்.

லண்டனில் ஒரே அடுப்படியில் முப்பது அயிட்டம். இறால் அவர்களே, கிழங்கும் அவர்களே, கீரையும் அவர்களே. அங்கே இறாலுக்கு ஒரு கடை, காளானுக்கு ஒரு கடை. 'கில்டா' என்று ஒன்று உண்டு: பச்சை ஒலிவம், உப்பு நெத்திலி, ஊறவைத்த நீள மிளகாய், மூன்றையும் குச்சியில் குத்தியது. 1946-இல் ரீட்டா ஹேவொர்த் நடித்த படத்தின் பெயர்தான் அதற்கு. ஒரு வாய்தான். அதைத் தின்றுவிட்டு அடுத்த கடைக்கு நடப்பதில்தான் ருசி. மேசை போட்டு, துணி விரித்து, நான்கு கில்டாவைத் தட்டில் வைத்து எனக்கு நீட்டினால் ஊறுகாயைத் தனியாகத் தின்ற மாதிரி இருக்கும்.

சோஹோ ஸ்டூல்
அப்படியென்றால் பார்சலோனாவின் 'கால் பெப்' என்ற கடையில் கவுன்டரில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் சாப்பிடுகிறவர்கள் ஸ்பெயினில் இல்லையா? அந்தக் கடையைப் பார்த்துத்தான் 2007-இல் லண்டன் சோஹோவில் பாராஃபினா என்ற கடையைத் தொடங்கினார்கள். அன்றைக்கு இருபத்துச் சொச்சம் ஸ்டூல், முன்பதிவு கிடையாது, கண்ணெதிரே அடுப்பு. பல வருடம் அங்கே சமையலை நடத்திய நியேவெஸ் பராகான் பில்பாவோ பக்கத்துக்காரர்தான். 2018-இல் சபோர் என்று சொந்தக் கடையும் திறந்தார். உங்கள் ஊர்க்காரரே உட்காரவைத்துப் போடுகிறார், நீங்கள் நின்றுதான் தின்பேன் என்கிறீர்கள்.

நின்றுதின்னி
அவர் சமையலில் குறை சொல்லவில்லை. அதற்குப் பெயர் தபாஸ் இல்லை, நல்ல ஸ்பானியச் சாப்பாடு என்கிறேன். செவியாப் பலகையில் மூன்று அளவு இருக்கும்: தபா, மெதியா ரசியோன், ரசியோன். முதலாவது ஒருவருக்குக் கொஞ்சம், நடுவில் இருப்பது பாதித் தட்டு, கடைசியில் முழுத் தட்டு. லண்டனில் 9 பவுண்டுக்கு வருவது பெரும்பாலும் அந்த நடு அளவு. பில்லைப் பார்த்தவரே, நீங்கள் ஆறு தபா சாப்பிடவில்லை, இரண்டு பேராக ஒரு முழு இரவுச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறீர்கள். பெயர்தான் உங்களை ஏமாற்றியது.

பில்லைப் பார்த்தவன்
மூன்று உருண்டை எந்த ஊரில் பாதித் தட்டு அம்மா?

அடுப்படி ஆள்
லண்டனில் ஒரு ஸ்பானியக் கடை அடுப்படியில் மூன்று வருடம் நின்றவன். கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன்.

குரோக்கெத்தா மலிவுச் சரக்கு, ஆனால் கூலி தின்னும். மாவும் வெண்ணெயும் பாலும் சேர்த்துக் கை ஓயக் கிண்ட வேண்டும், ஹமோன் துணுக்கைப் போட்டு இரவெல்லாம் குளிரில் வைக்க வேண்டும், மறுநாள் உருட்டி, முட்டையில் நனைத்து, ரொட்டித் தூளில் புரட்டி, அப்புறம்தான் எண்ணெய். மூன்றுக்கு 9 பவுண்டு அதிகம்தான், ஆனால் பகற்கொள்ளை இல்லை.

பணம் பண்ணுவது ரொட்டியிலும் கிழங்கிலும் மிளகாயிலும். அந்த மிளகாய்க்கு எண்ணெயும் கல்லுப்பும் தவிர ஒரு வேலையும் கிடையாது. இன்னொன்று, பட்ரோன் என்ற பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பியப் பாதுகாப்பு இருப்பது 'எர்போன்' மிளகாய் என்ற பெயருக்கு. அது ஸ்பெயினின் வடமேற்கே, கலீசியாவில் பட்ரோனை ஒட்டிய ஊர்.

ஹமோனுக்கு 18 என்றால் கேட்க வேண்டிய கேள்வி, எந்த நிறச் சீட்டு? 2014 ஸ்பானிய விதிப்படி இபேரிகோ என்ற பன்றி இனத்து ஹமோனுக்கு நான்கு நிறச் சீட்டு. கறுப்பு: நூறு சதவீதம் இபேரிகோ பன்றி, ஓக் கொட்டை தின்று கொழுத்தது. சிவப்பு: கொட்டை தின்றதுதான், இனம் கலப்பு. பச்சை: வெளியில் மேய்ந்து தீவனமும் தின்றது. வெள்ளை: தொழுவத்தில் தீவனம். கறுப்புச் சீட்டு, கையால் சீவியது என்றால் 18 பவுண்டுக்கு வாயை மூடிக்கொண்டு சாப்பிடலாம். மெனுவில் வெறும் 'இபேரிகோ' என்று போட்டிருந்தால் வெள்ளையாக இருக்க வாய்ப்பு அதிகம். கேளுங்கள், நல்ல கடை சீட்டைக் காட்டும்.

ஷெர்ரியும் அப்படித்தான். ஃபினோ, மன்சானியா என்ற ஷெர்ரி வகை இரண்டும் திறந்தால் சில நாள்தான் தாங்கும். பாட்டிலை எப்போது திறந்தீர்கள் என்று கேட்டதும் முகம் மாறினால் பியர் சொல்லிவிடுங்கள்.

கீரைக்கட்டு
நான் சைவம். என் குறை வேறு. இரண்டு முறை இப்படிப்பட்ட கடைகளுக்குப் போனேன், இரண்டு முறையும் மிளகாயும் ரொட்டியும்தான். குரோக்கெத்தாவில் ஹமோன். சல்மொரேகோ என்று குளிர்ந்த தக்காளிக் கூழைக் கேட்டேன், மேலே ஹமோன் தூவி வந்தது. பணிப்பெண் அதை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடச் சொன்னார். இதுதான் அசல் ஸ்பெயின் என்றால் எனக்கு நகல் போதும்.

நின்றுதின்னி
ஹமோனை அவர்களில் பலர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, உப்பு மாதிரி. செவியாவின் கீரை-கொண்டைக்கடலை இருக்கிறதா என்று கேளுங்கள். சீரகமும் பூண்டும் போட்டது, நம் நாக்குக்கு அந்நியமாகவே படாது. கொர்தோபாவில் கத்தரிக்காயைப் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள். இரண்டும் கிடைக்காத கடையென்றால் தோர்த்தியா, அதாவது உருளைக்கிழங்கு ஆம்லெட். முட்டை சேர்ப்பீர்கள் என்றால். பிராவாஸில் மட்டும் கவனம், சிலர் அந்தச் சாஸில் இறைச்சி வெந்த சாறு சேர்ப்பார்கள்.

சோஹோ ஸ்டூல்
பாருங்கள், இதற்குத்தான் வெளியூர்க் கடை வேண்டும் என்கிறேன். கீரைக்கட்டுக்காக இங்கே காளான் குரோக்கெத்தா போடுகிறார்கள். அசல், அசல் என்று பிடித்துக்கொண்டால் 2016-இல் பயேயா என்ற ஸ்பானியச் சோற்றில் சொரிசோ தொத்திறைச்சி போட்டதற்கு பிரிட்டிஷ் சமையல்காரர் ஜேமி ஆலிவரை வறுத்தெடுத்த கூட்டத்தில்தான் போய் நிற்க வேண்டும்.

நின்றுதின்னி
வறுத்தது சரிதான்.

பில்லைப் பார்த்தவன்
சரி, ஹமோன் சீட்டைக் கேட்காமல் விட்டது என் தப்பு. 'ஏமாற்று' என்ற சொல்லை அந்த ஒரு தட்டுக்கு மட்டும் திரும்பப் பெறுகிறேன். மிளகாய்க்கு 8 பவுண்டு, அது அப்படியே நிற்கிறது. அந்த 12.5 சதவீதம் யாருக்குப் போகிறது, அடுப்படி ஆள்?

அடுப்படி ஆள்
2024 அக்டோபரிலிருந்து சட்டப்படி அது முழுவதும் வேலையாட்களுக்குத்தான், முதலாளி கை வைக்கக் கூடாது. பில்லில் 'விருப்பத்துக்குரியது' என்று போட்டிருந்தால் எடுக்கச் சொல்லவும் உரிமை உண்டு. ஆறிப்போன தட்டுக்கு நீங்கள் கேட்டிருக்கலாம். ஆனால் ஆறவிட்டது பெரும்பாலும் மேசைக்கு வருகிறவர் இல்லை, உள்ளே ஆர்டர் சீட்டை மொத்தமாக ஓட்டியவர். அடுத்த முறை இரண்டு தட்டு மட்டும் சொல்லுங்கள், அது முடிந்ததும் அடுத்த இரண்டு. ஆறையும் ஒன்றாகச் சொன்னால் ஆறும் ஒன்றாகத்தான் வரும்.

பில்லைப் பார்த்தவன்
ஒன்றரை மணி நேரக் கெடுவில் தவணை முறையில் சாப்பிடச் சொல்கிறீர்கள்.

நின்றுதின்னி
அந்த மூன்றாவது குரோக்கெத்தா யாருக்குப் போனது, அதைச் சொல்லவில்லையே?

பில்லைப் பார்த்தவன்
மனைவிக்கு. நான் இறால் சட்டியில் மிச்சமிருந்த பூண்டு எண்ணெயை ரொட்டியில் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது தட்டு காலி.