ருமேனியாவில் சாப்பிட்டது: புளிப்பும் களியும்

போன நவம்பர் கடைசியில் நானும் மனைவியும் ருமேனியாவில் எட்டு நாள் இருந்தோம். புக்கரெஸ்ட், பிரஷோவ், அப்புறம் சிபியு. கிளம்பும்போது எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: வெறும் இறைச்சியும் உருளைக்கிழங்கும், உப்புச் சப்பில்லாமல் இருக்கும், ஊறுகாய் எடுத்துப் போங்கள். எடுத்துப் போனோம். பாட்டிலைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்தோம்.

காரணம் அந்த ஊர்ப் புளிப்பு. ‘சோர்பா’ என்றால் அங்கே புளிப்புச் சூப். எலுமிச்சை, வினிகர் விட்டும் செய்வார்கள். பழைய முறை வேறு: கோதுமைத் தவிட்டை நீரில் ஊறவைத்து, சில நாள் புளிக்கவிட்டு, வடித்தெடுத்த தண்ணீரைச் சூப்பில் ஊற்றுவது. அந்தத் தண்ணீருக்கு ‘போர்ஷ்’ என்று பெயர். உக்ரைனின் பீட்ரூட் சூப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முதல் கரண்டியிலேயே எனக்கு நீராகாரம் ஞாபகம் வந்துவிட்டது. கூடவே தட்டில் ஒரு முழு மிளகாய். அதைக் கடித்துக்கொண்டே குடிக்க வேண்டுமாம். பழைய சோறு தின்று வளர்ந்தவனுக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டுமா?

‘சோர்பா தெ புர்த்தா’வைத் தனியாகச் சொல்லவேண்டும். மாட்டு இரைப்பையை மணிக்கணக்கில் வேகவைத்துச் செய்வது. நம் ஊர்ப் போட்டிக்கு அண்ணன் முறை. பூண்டு, வினிகர், ‘ஸ்மிந்தினா’ எனும் புளித்த பாலாடை எல்லாம் சேர்ந்து வெள்ளை வெளேரென்று வந்தது. பார்க்கப் பாயசம், குடித்தால் பூண்டு. பூண்டு போதாதவர்களுக்குத் தனியாகவும் ஒரு கிண்ணம் வைக்கிறார்கள். நான் இரண்டு முறை வாங்கினேன். மனைவி அடுத்த மேசைக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அவள் சைவம். முதல் நாள் ரொட்டியும் கத்தரிக்காய் மசியலும்தான் கிடைத்தன. (சுட்ட கத்தரிக்காய் மசியல் அங்கே அருமை, அது வேறு விஷயம்.) இரண்டாம் நாள் ஓட்டல்காரர் ஒருவர் ‘தெ போஸ்த்’ என்று கேளுங்கள் என்றார். விரத உணவு என்று அர்த்தம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் நவம்பர் 15 முதல் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்வரை இறைச்சி, பால், முட்டை விலக்கி விரதம் இருக்கிறார்கள். நாங்கள் போனது சரியாக அந்த நேரம். விரதத்திலும் சில நாளில் மீனுக்கு அனுமதி உண்டு, அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் அவளுக்குப் பீன்ஸ் சூப், காளான் வைத்த ‘சர்மாலே’ என்று குறையே இல்லை.

சர்மாலே என்பது புளிக்க வைத்த முட்டைக்கோஸ் இலையில் பன்றிக் கொத்துக்கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டி, சிறு தீயில் வேகவிடுவது. கல்யாணம், கிறிஸ்துமஸ் என்றால் இது இல்லாமல் நடக்காது. புக்கரெஸ்டில் 1879ல் தொடங்கிய ‘காரு கு பெரே’யில் சாப்பிட்டோம். அங்கே சித்திர வேலைப்பாடு நிறைந்த கூரையை அண்ணாந்து பார்ப்பதா, தட்டைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. சர்மாலேவுக்குத் துணை ‘மமலிகா’. பெயர்தான் புதிது, பொருள் மக்காச்சோளக் களி. கெட்டியாகக் கிண்டிப் பலகையில் கவிழ்த்து நூலால் அறுப்பார்களாம். ஒரு காலத்தில் கிராமத்து ஏழைகளுக்கு ரொட்டிக்குப் பதில் இதுதான். நம் கேழ்வரகுக் களி மாதிரி இதுவும் இப்போது ஓட்டல் மெனுவில் ஏறிவிட்டது.

புக்கரெஸ்டின் ஒபோர் சந்தையில் ‘மிச்’ சாப்பிடாமல் வராதீர்கள். தோல் இல்லாத சாசேஜ். கொத்துக்கறியில் பூண்டும் மிளகும் சோடா உப்பும் சேர்த்து, விரல் நீளத்துக்கு உருட்டிக் கரியில் சுடுவது. கடுகுச் சாந்தில் தோய்த்து நின்றுகொண்டே தின்ன வேண்டும். புகையில் சட்டை இரண்டு நாள் மணத்தது.

ஒரு எச்சரிக்கை, ‘பப்பனாஷ்’ விஷயத்தில். பாலாடைக்கட்டி மாவில் பொரித்த வளையம், அதன் தலையில் ஓர் உருண்டை, மேலே ஸ்மிந்தினாவும் பழ ஜாமும். சின்ன இனிப்பு என்று நினைத்து ஆளுக்கு ஒரு பிளேட் சொன்னோம். பிளேட்டுக்கு இரண்டு வந்தது, ஒவ்வொன்றும் மெதுவடையைப் போல இரண்டு மடங்கு. அன்றைக்கு இரவுச் சாப்பாடு கிடையாது.

சிபியுவில் தங்கிய வீட்டம்மா கிளம்பும்போது ‘ஸகுஸ்கா’ ஒரு பாட்டில் கொடுத்தார். இலையுதிர் காலத்தில் கத்தரிக்காயும் சிவப்புக் குடைமிளகாயும் சுட்டு, எண்ணெயில் சுருள வதக்கிக் குளிர்காலத்துக்கு எடுத்து வைப்பது. ரொட்டியில் தடவித்தான் தின்ன வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே தோசைக்குத் தீர்ந்துபோயிற்று.