கால்போஸ்கோப்பி கற்றுக்கொடுக்கும்போது கண்ணில் படுபவை: அனுபவப் பகிர்வு

மகளிர் நல மருத்துவர், மதுரை:
கால்போஸ்கோப்பி என்பது கருப்பை வாயை உருப்பெருக்கி வழியே பார்த்துப் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களைத் தேடும் பரிசோதனை. பயிற்சிக்கு வரும் டாக்டர்கள் சறுக்கும் முதல் இடம் அமிலம் வைக்கும் அந்த ஒரு நிமிடம். 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கருப்பை வாயில் வைத்து எடுத்தவுடனே, மாறிய செல்கள் காட்டும் வெள்ளையைத் தேடுகிறார்கள். கடிகாரம் பார்த்து 60 நொடி வைக்க வேண்டும். தீவிர மாற்றம் சட்டென்று வெளுத்து நெடுநேரம் நிற்கும். முதிராத மெட்டாபிளேசியாவின் (ஒருவகைச் செல் இன்னொரு வகையாக மாறும் இயல்பான நிகழ்வு) வெண்மை மெலிசாக வந்து சீக்கிரம் மங்கிவிடும். நேரத்தைக் கவனிக்காதவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

இன்னொன்று, சலைனில் (உப்புநீரில்) துடைத்துப் பச்சை ஃபில்டர் போட்டு ரத்தக் குழாய்களைப் பார்க்கும் படியைத் தாண்டிவிடுகிறார்கள். அமிலம் பட்டபின் நுண்குழாய்கள் சரியாகத் தெரியாது. அயோடின் எப்போதும் கடைசி.

செவிலியர் பயிற்றுநர், திண்டுக்கல்:
கரைசலையும் சேர்த்துச் சொல்லுங்கள் மேடம். 95 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 5 மி.லி. கிளேசியல் (நீர் கலக்காத) அசிட்டிக் அமிலம். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். லேபிள் இல்லாத பாட்டிலில் கலக்காத அமிலம் இருந்தால் கருப்பை வாய் வெந்துவிடும்.

"இதெல்லாம் சிஸ்டர்களால் ஆகுமா" என்று கேட்பவர்களுக்கு: எங்கள் மாவட்டத்து அம்பிளிக்கையில் 2000இல் தொடங்கிய ஆய்வில் அமிலப் பரிசோதனை செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

கால்போஸ்கோப்பி பயிற்சியாளர், கோவை:
வெள்ளை எவ்வளவு அடர்த்தி என்பதற்கு முன்னால் நான் கேட்பது: "ஜங்ஷனைச் சுற்றிலும் முழுசாகப் பார்த்தீர்களா?" ஸ்குவாமோ கொலம்னார் ஜங்ஷன் (கருப்பை வாயின் இருவகைச் செல் படலங்கள் சந்திக்கும் கோடு) முழுதாக வெளியே தெரிந்தால் டைப் 1. கருப்பை வாய்க் கால்வாய்க்குள் போனாலும் எண்டோசெர்விகல் ஸ்பெகுலம் என்ற கருவியால் விரித்து முழுக்கப் பார்க்க முடிந்தால் டைப் 2. முழுக்கத் தெரியாவிட்டால் டைப் 3. சிகிச்சை இதில்தான் முடிவாகிறது. டைப் 3இல் தெர்மல் அப்லேஷன் (சூடான புரோபால் திசுவைச் சுடும் சிகிச்சை) செய்தால் மேலே ஆறி உள்ளே நோய் தங்கிவிடும். சுட்டபின் லேபுக்கு அனுப்பத் திசுவும் இருக்காது. புற்றுநோய் என்று துளி சந்தேகம் இருந்தாலும் புரோபைத் தொடக் கூடாது.

பார்த்ததை மதிப்பெண்ணாக்கும் ஸ்வீடு (Swede) ஸ்கோரை மனப்பாடமாகச் சொல்கிறார்கள்: ஐந்து அம்சம், தலைக்கு 0 முதல் 2, மொத்தம் 10. ஆனால் ஜங்ஷன் தெரியாத இடத்தில் போட்ட ஸ்கோர் பாதிப் படத்துக்குப் போட்ட மார்க்.

மதுரை:
சரிதான் சார். பயாப்ஸியிலும் (சோதனைக்குத் திசு எடுப்பதிலும்) அதே தப்புதான். கையெட்டும் ஓரத்தில் எடுக்கிறார்கள். அசாதாரணம் மிக அதிகமான இடத்தில், பெரும்பாலும் ஜங்ஷனை ஒட்டி, எடுக்க வேண்டும். இரண்டு மூன்று எடுப்பதானால் கருப்பை வாயின் கீழ் உதட்டில் தொடங்குங்கள். மேலே தொடங்கினால் வடியும் ரத்தம் கீழ்ப்பகுதியை மறைத்துவிடும்.

மகப்பேறு மருத்துவர், திருச்சி:
தெர்மல் அப்லேஷன்: 100 டிகிரி, 20 முதல் 30 நொடி. ஒரே வைப்பில் உருமாற்றப் பகுதி (ஜங்ஷனை ஒட்டிச் செல்கள் மாறும் இடம்) முழுதும் அடங்காவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி மறுபடி வைக்க வேண்டும். யோனிச் சுவர் தளர்ந்து உள்ளே சாய்ந்தால் நுனி வெட்டிய ஆணுறையை, யோனியை விரிக்கும் ஸ்பெகுலத்தின்மேல் மாட்டுங்கள், சுவர் விலகி நிற்கும். பத்துப் பைசா வேலை, பெரிய தீக்காயத்தைத் தடுக்கும்.

லீப் (மின்சாரம் பாயும் கம்பி வளையமான லூப்பால் திசுவை வெட்டி எடுப்பது) பழகக் கோழி நெஞ்சுக்கறி போதும், மின்சாரம் திரும்பிச் செல்லும் ரிட்டர்ன் பிளேட்டின் மேலேயே வைத்து வெட்டலாம். கரண்ட் முதலில், திசுவைத் தொடுவது அப்புறம். தொட்டபின் பெடலை மிதித்தால் லூப் ஒட்டிக்கொள்ளும். வேகமாக இழுத்தால் கம்பி வளைந்து ஆழம் குறையும், மெதுவாகப் போனால் ஓரம் கருகி, மார்ஜினில் (வெட்டு விளிம்பில்) நோய் இருக்கிறதா என்று பேத்தாலஜிஸ்ட்டால் சொல்ல முடியாது. நடுவில் நின்றுவிட்டால் பிடுங்காதீர்கள். லூப்பை எடுத்துவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டி வந்து சேருங்கள்.

நிஜ நோயாளிக்கு, மரத்துப்போக, அட்ரினலின் சேர்த்த லிக்னோகெயினை 3, 6, 9, 12 மணி திசைகளில் மேல்தோலுக்கு அடியிலேயே போட்டால் அந்த இடம் வெளிறும். வெளிறாவிட்டால் ஊசி ஆழத்தில் போயிருக்கிறது. ரத்தக்கசிவுக்குப் பந்து வடிவ எலெக்ட்ரோடு, பிறகு மோன்செல் பேஸ்ட். திசை தெரிய, வெட்டியெடுத்த திசுவின் 12 மணி ஓரத்தில் ஒரு நூல்முடிச்சு.

திண்டுக்கல்:
சிகிச்சைக்குப் பின் அனுப்பும்போது சொல்ல வேண்டியது: சில வாரம் நீர்போல வெள்ளைபடும், பயம் வேண்டாம். ஒரு மாதம் உடலுறவு கூடாது. முதல் இரண்டு வாரத்துக்குள் திடீரென்று ரத்தம் அதிகமாகப் போகலாம், பெரும்பாலும் தொற்றுதான் காரணம். காய்ச்சல், நாற்றம், மாதவிடாயைவிட மிகுந்த போக்கு என்றால் இரவானாலும் வரச் சொல்லுங்கள். இதையெல்லாம் சொல்ல வேண்டியது கூட வந்த அக்காவிடமோ மாமியாரிடமோ அல்ல, அந்தப் பெண்ணிடமே, அவர் அனுமதித்தால் மட்டும் மற்றவர்களிடம்.