கேமரா எந்த உயரத்தில் இருந்தது?

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த வாரம். சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரை ஓரமாக நண்பர்களோடு போர்வையும் அரிசியும் கொடுத்துக்கொண்டிருந்தோம். படம் எடுப்பது என் பொறுப்பு. கொடுப்பவர்கள் நின்றார்கள், வாங்குபவர்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நானும் நின்றபடியே எடுத்துத் தள்ளினேன். எல்லாப் படத்திலும் மேலிருந்து ஒரு கை இறங்குகிறது, கீழே ஒரு முகம் அண்ணாந்து பார்க்கிறது. எனக்கு அது உறுத்தவே இல்லை.

ஒரு பாட்டி, எடுத்ததைக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, "என்னப்பா, பிச்சை வாங்குற மாதிரி எடுத்து வச்சிருக்க? எத்தனை பேருக்குச் சோறு போட்ட கை தெரியுமா இது?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அவர் எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்து மறுபடி எடுத்தேன். அதே பாட்டி, அதே போர்வை, அதே வெளிச்சம். லென்ஸைக்கூட மாற்றவில்லை. ஆனால் நின்று எடுத்தபோது அவருக்குப் பின்னால் வெறும் சேறுதான் தெரிந்தது. உட்கார்ந்ததும் அவர் வீட்டுச் சுவர் பிரேமுக்குள் வந்தது. சுவரில் ஆள் நெஞ்சு உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை. இவர் என்ன இழந்திருக்கிறார் என்பதை அந்தக் கறை சொன்னது. போர்வை மடியில் ஓரமாகக் கிடந்தது.

அதற்கப்புறம் உதவி வழங்கும் படம் எதைப் பார்த்தாலும், எடுத்தவர் நின்றாரா உட்கார்ந்தாரா என்றுதான் முதலில் பார்க்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

*

நான் கல்யாண வீடியோவில் அசிஸ்டென்டாக இருந்தவன். "மாப்பிள்ளைக்கு லோ ஆங்கிள், பொண்ணுக்கு டாப் ஆங்கிள்" என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். அதாவது அவனைக் கீழிருந்து, அவளை மேலிருந்து எடுக்க வேண்டும். ஏன் என்று நானும் கேட்கவில்லை. அவன் கம்பீரமாகத் தெரிய வேண்டும், அவள் தலை குனிந்து அடக்கமாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. எத்தனையோ பெண்களை நானே அப்படிக் குனிய வைத்து எடுத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

லோ ஆங்கிள் என்றாலே கம்பீரம் என்ற அந்தப் பாடத்தை உடைத்தது 1941இல் வந்த 'சிட்டிசன் கேன்' என்ற அமெரிக்கப் படம். தேர்தலில் தோற்ற நாயகன் கேன், நண்பனோடு பேசும் காட்சி. ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் கேமராவை இன்னும் கீழே இறக்குவதற்காக ஸ்டூடியோ தரையையே தோண்டினார்கள். கேன் மலை மாதிரி நிற்கிறார். ஆனால் கேமரா அவ்வளவு கீழே போனதால் தலைக்கு மேலே கூரையும் தெரிகிறது. அத்தனை பெரிய ஆள், பெட்டிக்குள் அடைபட்டவர் மாதிரி ஆகிவிடுகிறார். அந்தக் கூரை மரமில்லை, மஸ்லின் என்ற மெல்லிய துணி. அதற்கு மேலேதான் மைக்கை மறைத்து வைத்தார்களாம். அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பலமுறை பார்த்தேன். ஒரே கோணம் ஒருவனை உயர்த்தவும் செய்யும், அடைக்கவும் செய்யும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

*

மேலே முதலில் எழுதியவருக்கு: அந்தப் பாட்டி கேட்ட கேள்வியைப் படித்ததும் எனக்கு ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ஞாபகம் வந்தது. 1953இல் வந்த அவருடைய 'டோக்கியோ ஸ்டோரி'யை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். வயதான பெற்றோர் ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள், பிள்ளைகளுக்கோ நேரமில்லை. ஓசுவின் படங்களில் கேமரா பெரும்பாலும் பாயில் உட்கார்ந்தவர் கண் மட்டத்தில், இன்னும் கொஞ்சம் கீழேகூட இருக்கும். பெரிதாக அசையவும் செய்யாது. அம்மாவுக்கு ஜப்பானிய மொழியும் தெரியாது, சப்டைட்டில் படிக்கவும் ஓடாது. பாதிப் படத்தில், "நாமளும் அவங்க வீட்டுல ஒரு ஓரமா உக்காந்திருக்கிற மாதிரியே இருக்குடா" என்றார்.

போன மாதம் வீட்டு விசேஷத்தில் பந்தியைப் படம் எடுக்கும்போது மொபைலைத் தரையில் ஒரு சொம்பில் சாய்த்து வைத்தேன். பரிமாறுபவர்களின் கால்கள் மட்டும் குறுக்கே போய் வருகின்றன. அப்பா பக்கத்து இலைக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். எங்களிடம் இருக்கும் அப்பா படங்களில் அவர் கேமராவைப் பார்க்காத படம் அது ஒன்றுதான்.