தேவாரமும் மனிதர் எழுதியதுதானே என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது?

வெள்ளவத்தை டீச்சர்:
ஞாயிற்றுக்கிழமைகளில் அறநெறி வகுப்பு எடுக்கிறேன். போன கிழமை சம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகம் படித்துக்கொண்டிருந்தபோது, ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை எழுதப்போகும் பிள்ளை ஒருவன் எழும்பிக் கேட்டான்: "டீச்சர், இதை மனிசர்தானே பாடி எழுதி வைச்சவை? அப்ப கடவுளையும் மனிசர்தானே உண்டாக்கியிருப்பினம்?" நன்றாகப் படிக்கிற பிள்ளை, குழப்படி இல்லை. "அப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்று அடக்க எனக்கு மனமில்லை. நூல்கள் எப்படி வந்தன என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்?

மருதானை வாசகர்:
டீச்சர், எங்கள் பக்கத்தில் இது மறைக்கிற விஷயமே இல்லை. குர்ஆன் அல்லாஹ்விடமிருந்து இறங்கியது என்பது எங்கள் ஈமான், அதாவது இறைநம்பிக்கை. அது ஓர் ஏடாகத் திரட்டப்பட்டது நபிகளார் மறைந்த பிறகு. யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்த பலர் கொல்லப்பட்டார்கள். அதனால் கவலைப்பட்ட உமர் (ரலி) சொல்லித்தான் கலீபா அபூபக்ர் (ரலி) தொகுக்கும் பொறுப்பை ஸைத் இப்னு தாபித்திடம் கொடுத்தார். பேரீச்ச மட்டைகளிலும் கற்களிலும் எழுதியிருந்ததையும், மனனம் செய்தவர்களின் நெஞ்சில் இருந்ததையும் அவர் தேடிச் சேர்த்தார். இதைத் தெரிந்துகொண்டதால் என் ஈமான் குறையவில்லை.

தெஹிவளைத் தம்பி:
பையன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான். துருக்கியின் தென்கிழக்கில் கோபெக்லி தெபே என்று ஓர் இடம், 1995இல் அகழத் தொடங்கினார்கள். ஏறக்குறைய கி.மு. 9500இல் வழிபாட்டுக்கு என்று கருதப்படும் ஐந்து மீற்றர் உயரத் தூண்களை நிறுத்தி, நரி, பாம்பு, கழுகு என்று செதுக்கியிருக்கிறார்கள். வேட்டையாடியும் காட்டுத் தானியம் சேர்த்தும் வாழ்ந்த மக்கள். சுமேரியாவில் எழுத்து வர இன்னும் ஆறாயிரம் வருடம் இருந்தது. ஆக, நம்பிக்கைதான் முந்தியது, நூல் பிந்தியது. இடி, நோய், சாவு எல்லாவற்றுக்கும் பின்னால் யாரோ இருக்கிறார் என்று நினைப்பது மனித மூளையின் சுபாவம். அதற்கு மேல் கடவுள் தேவையில்லை என்பது என் முடிவு.

வெள்ளவத்தை டீச்சர்:
தம்பி, கோபெக்லி தெபேயைக் கட்டாயம் சொல்வேன். உங்கள் கடைசி வரியோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நம்பும் சுபாவம் எப்படி வந்தது என்று விளக்கிவிட்டால் கடவுள் இல்லை என்று ஆகிவிடாது. உண்டு என்றும் ஆகாதுதான், அதையும் வகுப்பில் சொல்வேன்.

மதம் என்றாலே படைத்த கடவுள் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இத்தனை விகாரைகளுக்கு நடுவில் வளர்கிற கொழும்புப் பிள்ளைகள் அப்படி நினைக்கத் தேவையில்லை, பௌத்தத்தில் படைத்த கடவுள் இல்லையே. வாய்வழியாக வந்த பௌத்த நூலான திரிபிடகத்தை கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், ஏட்டில் எழுதியது நம் மாத்தளை அலுவிகாரையில் என்பது மரபு. பெரும் பஞ்சம், ஓதி வைத்திருந்த பிக்குகள் செத்துக்கொண்டிருந்த காலம். மகாநித்தேசம் என்ற பகுதி ஒரேயொரு பிக்குவுக்குத்தான் மனப்பாடமாக இருந்ததாம், அவரோ ஒழுக்கம் கெட்டவராம். அவரிடமே போய்க் கற்றுக்கொண்டார்கள் என்று பாளி உரை கூசாமல் சொல்கிறது. எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். தன் நூல் எவ்வளவு மெல்லிய நூலிழையில் தப்பியது என்று ஒரு மரபே எழுதி வைத்திருக்கிறதே!

தேவாரம் அடங்கிய நம் திருமுறைக் கதையும் அப்படித்தான். சிதம்பரத்தில் ஏடுகள் இருந்த பூட்டிய அறையை இராசராச சோழனும் திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியும் திறப்பித்தபோது பெரும்பகுதியைக் கரையான் தின்றிருந்ததாம். சைவமே சொல்லி வருகிற இழப்பு இது. இதைப் பிள்ளைகளிடம் சொல்ல நான் ஏன் பயப்பட வேண்டும்?

கொட்டாஞ்சேனை அக்கா:
டீச்சர், இதெல்லாம் சொல்லுங்கோ, நல்லது. அதற்கு முதல் வகுப்பு முடிந்ததும் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன் இப்போது இதைக் கேட்கத் தோன்றியது என்று ஒருக்கா கேளுங்கோ. என் மகன் இதே கேள்வியைக் கேட்டது அவனுடைய அம்மம்மா செத்த மாதத்தில். அப்போது அவனுக்கு வரலாறு தேவைப்படவில்லை.

வெள்ளவத்தை டீச்சர்:
சரி அக்கா, முதலில் அதைச் செய்கிறேன். திருமுறைக் கதை அடுத்த கிழமைக்கு இருக்கட்டும்.