அன்மவுன்ட் செய்த பிறகும் லாஜிக்கல் வால்யூமை நீக்க எல்விரிமூவ் மறுக்கிறது

கேள்வி

வணக்கம். லினக்ஸ் சர்வர் ஒன்றில், ஒரு மெய்நிகர் கணினிக்கு வட்டாகக் கொடுத்திருந்த 120 ஜிபி லாஜிக்கல் வால்யூமை (லினக்ஸின் வட்டு மேலாண்மை முறையான எல்விஎம் பிரித்துத் தரும் வட்டுப் பகுதி) நீக்க முயல்கிறேன். அந்த மெய்நிகர் கணினியை நிறுத்தி, அதன் வரையறையையும் அழித்துவிட்டேன். அதன் பின் உள்ளிருந்த சில கோப்புகளை எடுப்பதற்காக, கேபார்டெக்ஸ் (வட்டுக்குள் இருக்கும் பார்ட்டிஷன்களைத் தனிச் சாதனங்களாகக் காட்டும் கருவி) கொண்டு வால்யூமின் பார்ட்டிஷன்களைத் திறந்து, மவுன்ட் செய்து (கோப்புகளை அணுகும்படி இணைத்து), நகலெடுத்து முடித்ததும் முறைப்படி அன்மவுன்ட் செய்தேன். இருந்தும், வேறொரு சாதனம் இந்த வால்யூமைப் பயன்படுத்துகிறது என்று கூறி, வால்யூமை நீக்கும் கட்டளையான எல்விரிமூவ் மறுக்கிறது. யார் பயன்படுத்துகிறார்கள் என்று தேடும் எல்எஸ்ஓஎஃப், ஃப்யூசர் கட்டளைகள் இரண்டிலும் எதுவும் தென்படவில்லை. இதே வால்யூம் குரூப்பில் (வால்யூம்கள் பிரிக்கப்படும் பொது வட்டிடத் தொகுப்பு) பயன்பாட்டில் உள்ள வேறு நான்கு வால்யூம்கள் இருப்பதால் சர்வரை ரீபூட் செய்ய இயலாது. இத்தகைய சாதன அடுக்குகளை நேரடியாகக் கையாளும் டிஎம்செட்டப் ரிமூவ் கட்டளையை ஃபோர்ஸ் (கட்டாயம்) விருப்பத்துடன் கொடுத்துவிடலாமா?

பதில் 1

ஃபோர்ஸ் வேண்டாம். அது வால்யூமைப் பிடித்திருப்பவரை விடுவிப்பதில்லை. அந்தச் சாதனத்தில் இனி எழுதுவதும் படிப்பதும் பிழையில் முடியுமாறு அதன் அட்டவணையை மாற்றிவிடுகிறது, அவ்வளவுதான்.

உங்களுக்கு வந்த செய்தியிலேயே விடை இருக்கிறது. மவுன்ட் செய்யப்பட்டிருந்தால், பயன்பாட்டிலுள்ள கோப்பு முறைமை இதில் இருக்கிறது என்று எல்விரிமூவ் சொல்லியிருக்கும். வேறொரு சாதனம் என்று சொல்வதால், இந்த வால்யூமின் மேல் இன்னோர் அடுக்கு நிற்கிறது என்று பொருள். எல்எஸ்ஓஎஃபும் ஃப்யூசரும் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ப்ராசஸ்களை மட்டுமே தேடுகின்றன. கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஒரு சாதனம் மற்றொன்றைப் பிடித்திருப்பது அவற்றின் கண்ணில் படாது. டிஎம்செட்டப் எல்எஸ் கட்டளையை ட்ரீ விருப்பத்துடன் கொடுத்துப் பாருங்கள். கேபார்டெக்ஸ் உருவாக்கிய பார்ட்டிஷன்கள் அன்மவுன்ட் செய்வதால் மறைவதில்லை என்பதால், அவை அங்கே இருக்கும் என்றே எண்ணுகிறேன். அவற்றுள் ஒன்று மெய்நிகர் கணினியின் பிசிக்கல் வால்யூமாக (வால்யூம் குரூப்புக்கு இடம் தரும் வட்டு அல்லது பார்ட்டிஷன்) இருந்தால், அதனுள்ளிருந்த வால்யூம் குரூப்பையும் உங்கள் சர்வர் தானாகவே இயக்கியிருக்கக்கூடும்.

கேட்டவர்

நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. 120 ஜிபி வால்யூமின் மேல் இரண்டு பார்ட்டிஷன்கள் உள்ளன. இரண்டாவதன் மேல் ரூட், ஸ்வாப் என்று இரு வால்யூம்கள் நிற்கின்றன. இவை எங்கள் சர்வருக்கு உரியவை அல்ல. எந்த வரிசையில் அகற்றுவது?

பதில் 1

மேலிருந்து கீழாக வாருங்கள். முதலில் உள்ளே இருக்கும் வால்யூம் குரூப்பை விஜிசேஞ்ச் கட்டளையால் செயலிழக்கச் செய்யுங்கள். இங்கே குரூப்பின் பெயரைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். பெயர் இல்லாமல் கொடுத்தால் சர்வரிலுள்ள எல்லா குரூப்களின் மீதும் அது பாயும். அடுத்து கேபார்டெக்ஸை டி விருப்பத்துடன் கொடுத்து இரு பார்ட்டிஷன்களையும் விலக்குங்கள். இப்போது டிஎம்செட்டப் இன்ஃபோ, அந்த வால்யூமுக்குத் திறப்பு எண்ணிக்கை 0 என்று காட்ட வேண்டும். அதைக் கண்ணால் பார்த்த பிறகே எல்விரிமூவ்.

பதில் 2

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் இதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். எல்விரிமூவுக்கு வால்யூம் குரூப்பின் பெயரை மட்டும் கொடுத்தால், அது அந்தக் குரூப்பிலுள்ள அனைத்து வால்யூம்களையும் நீக்கச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளும். குரூப்பின் பெயர், சாய்கோடு, வால்யூமின் பெயர் மூன்றும் ஒரே சொல்லாக ஒட்டியிருக்க வேண்டும். நீக்கட்டுமா என்று அது எப்படியும் கேட்கும் என நம்பியிருக்கவும் கூடாது. செயலில் உள்ள வால்யூமுக்குத்தான் அந்தக் கேள்வி வரும், முன்னதாகவே செயலிழக்கச் செய்துவிட்ட வால்யூம் கேள்வியின்றிப் போய்விடும். ஆகவே, முதலில் டெஸ்ட் விருப்பத்துடன் ஒருமுறை ஓட்டி, எந்தப் பெயர் திரையில் வருகிறது என்று படித்துவிட்டு என்டர் அழுத்துங்கள்.

தவறுதலாக நீக்கினாலும் மீட்க ஒரு வழி உண்டு: நீக்கத்துக்கு முந்தைய மெட்டாடேட்டா (வால்யூம்களின் அமைப்பு விவரம்) எல்விஎம்மின் ஆர்க்கைவ் அடைவில் சேமிக்கப்பட்டிருக்கும், அதை விஜிசிஎஃப்ஜிரெஸ்டோர் கொண்டு திருப்பலாம். விடுபட்ட இடத்தில் வேறெதுவும் எழுதப்படாதவரைதான் தரவு மிஞ்சும். எல்விஎம் அமைப்புக் கோப்பில் இஷ்யூ டிஸ்கார்ட்ஸ் 1 என்று இருந்தால், நீக்கும்போதே எஸ்எஸ்டிக்கு டிஸ்கார்ட் (இந்த இடத்தின் தரவு இனி வேண்டாம் என்ற அறிவிப்பு) சென்றுவிடும். பிறகு மெட்டாடேட்டாவை மட்டும் மீட்டுப் பயனில்லை. இந்த ஒரு வரியை இப்போதே பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்

இஷ்யூ டிஸ்கார்ட்ஸ் 0 என்றே இருந்தது. சொன்ன வரிசையில் செய்தேன். திறப்பு எண்ணிக்கை முதலில் 2 என்றிருந்தது, கேபார்டெக்ஸுக்குப் பின் 0 ஆனது. டெஸ்ட் ஓட்டத்தில் ஒரே ஒரு பெயர் மட்டும் வந்ததைச் சரிபார்த்து நீக்கினேன். வால்யூம் குரூப்களின் நிலையைக் காட்டும் விஜிஎஸ் கட்டளை இப்போது அந்த 120 ஜிபியைக் காலியிடமாகக் காட்டுகிறது, மற்ற நான்கு வால்யூம்களும் தடையின்றி இயங்குகின்றன. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.