ஆறடித் தொட்டியில் ஒஸ்கார்: கடற்கரை மணல் போடலாமா, கூட எதை விடலாம்?

பாண்டிருப்பான்:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு ஹோலில் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் தொட்டி ஒட்டி முடித்தாயிற்று. 12 மில்லிமீற்றர் கண்ணாடி, கீழே சம்ப் (தண்ணீரை வடித்து மேலே அனுப்பும் பில்டர் தொட்டி) இருக்கிறது. சின்னத் தொட்டியில் வளரும் இரண்டு டைகர் ஒஸ்கார் மீன்களும் உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டன. அவற்றுக்காகத்தான் இவ்வளவும்.

முதல் கேள்வி, அடியில் என்ன போடுவது? மீன் கடையில் கலர் கல் எடுக்கச் சொல்கிறார்கள். மாமாவோ, கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது எதற்குக் காசு, மணலை அள்ளிக் கழுவிப் போடு என்கிறார். தண்ணீருக்குக் கிணறும் இருக்கிறது, குழாயும் இருக்கிறது.

அடுத்தது கூட்டாளி மீன்கள். ஒரு பிளவர்ஹோர்ன், கொஞ்சம் சில்வர் டொலர், நாலு ஏஞ்சல், கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் டேங்க் கிளீனர் இரண்டு என்று மனதில் வைத்திருக்கிறேன். அனுபவப்பட்ட அண்ணன்மார் பார்த்துச் சொல்லுங்கள்.

நீலாவணை:

என் தொட்டியில் பல காலமாகக் கடற்கரை மணல்தான். உப்புப் போகும்வரை கழுவினால் போதும். ஒரு குறையும் இல்லை. வளர்ப்பது மலாவி மீன்கள்.

கல்லடி வாவிக்கரை:

தம்பி, நீலாவணைக்காரர் சொன்னது அவருடைய மீனுக்குச் சரி. ஆபிரிக்காவின் மலாவி ஏரித் தண்ணீரே கடினமானது (சுண்ணாம்புச் சத்துக் கூடியது), பி.எச். (அமில கார அளவு) 8ஐச் சுற்றி நிற்கும். உங்கள் ஒஸ்கார் மென்மையான தண்ணீர் ஓடும் அமேசன் பக்கத்து மீன். அதனால் மணலை மட்டும் தனியாக வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

நம் கரையோர மணலில் சிப்பித் தூள் கலந்திருக்கும். ஒரு பிடி மணலைக் காயவைத்து, கண்ணாடிக் குவளையில் போட்டு வினாகிரி ஊற்றிப் பாருங்கள். நுரை கிளம்பினால் அது சிப்பிச் சுண்ணாம்பு, தண்ணீரில் கரைந்து பி.எச்.சைக் கூட்டும். வினாகிரி வலுக் குறைந்தது என்பதால் சில வேளை நுரை கண்ணுக்குத் தெரியாது. அப்போது அதே மணலை மழைத் தண்ணீரில் ஒரு கிழமை ஊறவிட்டு, ஊறவிடும் முன்னும் பின்னும் பி.எச். அளந்து பார்த்தால் விளங்கிவிடும். திருக்கோவில் பக்கத்து மணலில் இன்னொரு சிக்கல், கறுப்பாகக் கோடு கோடாகத் தெரியும் இல்மனைற். வலுவான காந்தத்தில் அது ஒட்டும். மோட்டருக்குள் சுற்றும் காந்தத்தில் போய்ச் சேர்ந்தால் தேய்மானம்தான்.

பி.எச். கொஞ்சம் கூடினால் ஒஸ்கார் செத்துவிடுமா என்று கேட்பீர்கள். சாகாது, பழகிக்கொள்ளும். நான் பயப்படுவது அமோனியாவுக்கு. ஒஸ்கார் நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். கழிவில் வரும் அமோனியாவில் ஒரு பங்குதான் செவுளை அரிக்கும் நச்சு வடிவில் இருக்கும். அந்தப் பங்கைத் தீர்மானிப்பது பி.எச்.சும் வெப்பமும். நம் ஊர்த் தொட்டியில் ஹீற்றர் இல்லாமலே 30 பாகை வந்துவிடும். அந்தச் சூட்டில் பி.எச். 7 என்றால் நச்சுப் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. 8 என்றால் நூற்றில் ஏழைத் தாண்டிவிடும். அதே மீன், அதே தீனி, நஞ்சு மட்டும் ஒன்பது மடங்கு. கரண்ட் போய் பில்டர் நின்ற இரவில்தான் இந்த வித்தியாசம் தெரியும். 2022 இல் இலங்கையில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாளை மீன் வளர்த்த எவரும் மறந்திருக்கமாட்டார்கள்.

உங்கள் கிணற்றுத் தண்ணீர் ஏற்கெனவே கடினம் என்றால் சிப்பி மணலால் பெரிய மாற்றம் வராது, அது உண்மை. ஆனால் குழாய்த் தண்ணீர் குளத்திலிருந்து வருவது, பெரும்பாலும் மென்மையாக இருக்கும். அதில்தான் சிப்பி மெல்ல மெல்லக் கரையும். கிணற்றில் பார்க்க வேண்டியது நைட்ரேட், கழிவு சிதைந்து கடைசியில் தண்ணீரில் சேர்வது. வீடுகள் நெருங்கிய இடத்தில் மலக்குழியும் கிணறும் பக்கம் பக்கமாக இருந்தால் கட்டாயம் அளந்து பாருங்கள். ஊற்றும் தண்ணீரிலேயே நைட்ரேட் இருந்தால் எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் குறையாது. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரீன் போகத் தயோசல்பேட் போட மறக்க வேண்டாம்.

என் தெரிவு ஆற்று மணல். ஹாட்வெயாரில் வாங்குங்கள், ஆற்றில் இறங்கி அள்ளப் போகாதீர்கள், அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். மேசன்மார் பூச்சு மணல் அரிக்கும் அரிதட்டில் அரித்து, தங்கும் பருக்கைக் கல்லை ஒதுக்கிவிட்டு, வாளியில் கலக்கிக் கலக்கிக் கழுவுங்கள். காக்காப்பொன் மினுமினுவென்று மிதக்கும், அதையும் வடித்துவிடுங்கள். உங்கள் தொட்டிக்கு ஓர் அங்குல உயரம் என்றால் ஒரு கன அடி, சுமார் 45 கிலோ. அதற்கு மேல் வேண்டாம். மணல் தடித்தால் அடியில் காற்றுப் போகாமல் அழுகி, முட்டை நாற்றம் கிளம்பும். கலர் கல்லில் சாயம் ஒருபுறம் இருக்க, இடுக்கில் இறங்கிய தீனியை எடுக்கவே முடியாது. ஒஸ்கார் கல்லை வாயில் எடுத்துத் துப்பி விளையாடும், சில நேரம் விழுங்கியும் விடும்.

பாறாங்கல் வைப்பதென்றால் மணல் போடுவதற்கு முன்பே கண்ணாடியில் ஒரு றெஜிபோம் (தெர்மோகோல்) துண்டை விரித்து அதன்மேல் வையுங்கள். மணல்மேல் வைத்தால் ஒஸ்கார் அடியைத் தோண்டிச் சாய்த்துவிடும். கல்குடாப் பக்கத்துப் பவளக் கல்லை யாராவது கொண்டுவந்து தந்தாலும் வாங்காதீர்கள். அது சட்டப்படி தடை. உயிருள்ள பவளப் பாறை அழிந்து வருகிறது, நம் தொட்டி அழகுக்காக அதில் ஒரு துண்டுகூடக் குறையக் கூடாது.

காத்தான்குடி நானா:

வாவிக்கரை மணலைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் மீனைப் பற்றிச் சொல்கிறேன் தம்பி.

பிளவர்ஹோர்னை விட்டுவிடுங்கள். 1990களில் மலேசியாவில் கலப்புச் செய்து உண்டாக்கிய மீன் அது. தனித் தொட்டியில் ராஜா மாதிரி இருக்கட்டும். ஒஸ்கார் பார்க்க முரடன் போல இருந்தாலும் சண்டையில் பின்வாங்கும் மீன், ஆறடி என்றாலும் மூலையில் ஒதுங்கிவிடும். ஏஞ்சலும் வேண்டாம். இன்று தப்பினாலும் ஒஸ்கார் ஓரடி வளர்ந்ததும் வாய்க்குள் போய்விடும்.

சில்வர் டொலர் நல்ல தெரிவு. ஆறு உருப்படியாவது சேர்த்து விடுங்கள், குறைந்தால் பயந்து மூலையில் ஒதுங்கும். உடல் வட்டமாக அகலமாக இருப்பதால் ஒஸ்காரின் வாயில் அடங்காது. கீரை, செடி எல்லாவற்றையும் தின்னும் என்பதால் செடி ஆசையை மறந்துவிட வேண்டும். அப்புறம் ஒரு சேவெரம். ஆற்று மணல் போடுவதாக இருந்தால் ஜியோபேகஸ் நாலைந்து எடுங்கள். மணலை வாயால் அள்ளிச் செவுளால் வடித்து விடுவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மணல் வழவழப்பாக இருந்தால்தான் செவுள் காயப்படாது. மூன்று இனமும் சேர்ந்தால் தொட்டி நிறைந்துவிடும், அதோடு நிறுத்துங்கள்.

டேங்க் கிளீனர் பற்றி வாவிக்கரைதான் சொல்ல வேண்டும்.

கல்லடி வாவிக்கரை:

சொல்கிறேன் நானா, இது எனக்கு மனம் வலிக்கும் விசயம். டேங்க் கிளீனர் தொட்டியைச் சுத்தம் செய்வதைவிட அதிகமாகக் கழிக்கும். ஒன்றரை அடி வரை வளரும். இரவில் ஒஸ்காரின் விலாவில் ஒட்டி வழுவழுப்பை உறிஞ்சுவதும் உண்டு. வளர்ந்த பிறகு இடமில்லை என்று குளத்தில் விடுகிறார்கள். இலங்கைக் குளங்களில் அது பெருகிக் கிடப்பது இப்படி விட்டதால்தான். கரையில் பொந்து தோண்டும், முள்ளால் வலையைக் கிழிக்கும், காற்றை விழுங்கிச் சேற்றிலும் உயிரோடு கிடக்கும். வலை கிழிவது குளத்தில் மீன் பிடித்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு நட்டம். தம்பி, வாங்கவே வேண்டாம். கண்ணாடியில் படியும் பாசியைத் துணியால் துடைத்துவிடலாம்.

பாண்டிருப்பான்:

மிக்க நன்றி அண்ணன், நானா. பிளவர்ஹோர்ன், ஏஞ்சல், கிளீனர் மூன்றும் இல்லை. ஆற்று மணல், சில்வர் டொலர், ஜியோபேகஸ் என்று முடிவு செய்துவிட்டேன். இன்னொன்று. நம் வாவியில் தூண்டிலில் ஏறும் முத்துப் புள்ளிப் பச்சை மீனும் ஒஸ்காரின் குடும்பமான சிக்லிட் என்று படித்தேன். அதையும் சேர்க்கலாமா?

கல்லடி வாவிக்கரை:

ஓம், அது பச்சைக் குரோமைட். இலங்கையில் இயற்கையாகவே வாழும் சிக்லிட் இனங்கள் இரண்டு. அதில் பெரியது இது, சிறியது மஞ்சள் குரோமைட். குளத்தில் பிடிக்கும் திலாப்பியாவும் சிக்லிட்தான், ஆனால் 1952 இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டது. கேரளத்தில் பச்சைக் குரோமைட்டைக் கரிமீன் என்பார்கள், 2010 இல் அதை மாநில மீனாக அறிவித்தார்கள்.

ஒஸ்காரோடு சேர்க்காதீர்கள். குரோமைட்டுக்குக் கடினமான, கொஞ்சம் உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும். கூட்டமாக வைத்தால்தான் கலகலப்பாக நீந்தும். மாமா சொன்ன கடற்கரை மணல் பொருந்துவது அதற்குத்தான். எதிர்காலத்தில் இன்னொரு தொட்டிக்கு இடமிருந்தால் அந்த மணலில் பச்சையும் மஞ்சளும் சேர்த்து வையுங்கள். பெரிய மீனின் துடுப்பில் ஒட்டிய ஒட்டுண்ணியைச் சிறியது கொத்தி எடுக்கும். அதைக் காட்டத்தான் எனக்கு ஆசை. வெளிநாட்டு மீனுக்குக் காசு கொடுக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் வாவி மீனைக் கண்ணாடிக்குள் பார்த்திருக்கிறார்கள்?

பாண்டிருப்பான்:

அது அடுத்த தொட்டிக்கு. இப்போது ஒஸ்காரை எப்படி மாற்றுவது? புது சம்பில் அமோனியாவைச் சிதைக்கும் பக்ரீரியா இல்லையே.

கல்லடி வாவிக்கரை:

பழைய தொட்டியின் பில்டர் ஸ்பொஞ்சை அப்படியே புது சம்பில் போடுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. முதலில் ஒஸ்கார் இரண்டை மட்டும் விட்டு, தீனியைப் பாதியாகக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் அமோனியா பாருங்கள். காட்டினால் அன்றே கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். அமோனியா, அதிலிருந்து வரும் நைட்ரைற் இரண்டும் பூச்சியத்தில் நின்ற பிறகு சில்வர் டொலர், அதற்கும் பிறகு ஜியோபேகஸ். பற்றரியில் ஓடும் காற்று மோட்டர் ஒன்றை இப்போதே வாங்கி வையுங்கள்.